தறிக்குழி மேல் லேமினேட் தரை போடலாமா?

ஆரணியில் பழைய நெசவு வீட்டைப் புதுப்பிக்கும் நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்ட கேள்வி இது. மென்பொருள் எழுதுகிறவனிடம் போய்த் தரையைப் பற்றிக் கேட்பதா என்று நினைக்கலாம். ஒரு விஷயத்தைக் கையில் எடுத்தால் அடிவரை பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது, அதுதான் காரணம்.

லேமினேட் என்பது மரப்பலகை இல்லை. மேலே மெலமைன் பிசினும் அலுமினியம் ஆக்சைடும் சேர்ந்த கடினப் பூச்சு, அதன் கீழே மர ரேகை அச்சடித்த காகிதம், நடுவில் மரநாரை அழுத்திச் செய்த எச்.டி.எஃப் பலகை, அடியில் இன்னொரு பிசின் தாள். ஸ்வீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1977-ல் இதை உருவாக்கியது. பசை இல்லாமல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் 'கிளிக்' பலகைகள் 1990-களின் பிற்பகுதியில் வந்தன.

மேல்பூச்சில் தண்ணீர் நின்றால் உடனே ஒன்றும் ஆகாது. இணைப்பு வழியாகவோ அடியிலிருந்தோ நடுப்பலகைக்குப் போனால்தான் வினை. சூட்டில் அழுத்தி வைத்த நார் ஈரம் பட்டதும் விரியும். காய்ந்தாலும் பழையபடி படியாது. உப்பினது உப்பினதுதான்.

நெசவு வீட்டில் என்ன சிக்கல்?

குழித்தறியில் நெசவாளி தரை மட்டத்தில் உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டு மிதிப்பார். தறியை எடுத்ததும் அந்தக் குழியை மண்ணும் செங்கல் துண்டும் கொட்டி மூடி, மேலே லேசாக சிமெண்ட் பூசிவிடுவது உண்டு. அங்கே இரண்டு பிரச்சினை. ஒன்று, கீழிருந்து ஓதம் ஏறும். இரண்டு, சரியாக இடிக்காத மண் மெல்ல இறங்கும். பல தயாரிப்பாளர்கள் 2 மீட்டர் நீளத்துக்கு 3 மி.மீ.க்கு மேல் மேடுபள்ளம் கூடாது என்கிறார்கள். பள்ளம் விழுந்தால் நடக்க நடக்கப் பலகை ஆடி, பூட்டு உடையும்.

செலவில்லாத சோதனை ஒன்று இருக்கு. 2 அடிக்கு 2 அடி பாலித்தீன் ஷீட்டை மூடிய குழி மேல் விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டுங்கள். இன்னொன்றைக் குழி இல்லாத இடத்திலும் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். அடியில் நீர்த்துளியோ, சிமெண்டில் கருத்த நிறமோ தெரிந்தால் லேமினேட் வேண்டாம். இதை மழைக்காலத்தில் செய்வது நல்லது. மே மாத வெயிலில் எல்லாத் தரையும் பாஸ் ஆகிவிடும்!

அப்புறமும் போடணும் என்றால் குழியைத் திறந்து, மண்ணை அடுக்கடுக்காக இடித்து, கனமான பாலித்தீன் ஷீட் விரித்து, மேலே கான்கிரீட் போட வேண்டும். கான்கிரீட் காய அங்குலத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்பது பொதுக்கணக்கு. 4 அங்குலம் போட்டால் நாலு மாதம். கிரகப்பிரவேசத் தேதியை அதற்கேற்பக் குறியுங்கள்.

வாங்கும்போது

- பெட்டியில் ஏசி4 என்று இருக்கிறதா பாருங்கள். குளிர்சாதனம் இல்லை, தேய்மான வகுப்பு. ஆள் நடமாட்டம் உள்ள ஹாலுக்கு இது போதும்.
- ஃபார்மால்டிஹைடு அளவுக்கு 'ஈ1' முத்திரை இருக்கணும்.
- பிரிக்காத பெட்டிகளை 48 மணி நேரம் அதே அறையில் வைத்துவிட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். சுவரோரம் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி அவசியம். மழையில் பலகை விரியும், இடமில்லாவிட்டால் நடுவில் தூக்கும்.
- இது மரநார் என்பதால் கரையானுக்குச் சாப்பாடு. மருந்தடிப்பை முன்பே முடித்துவிடுங்கள்.

பராமரிப்பு

பெருக்குங்கள், நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள், அவ்வளவுதான். பொங்கலுக்கு வீடு கழுவுகிற பழக்கம் இங்கே செல்லாது. வீட்டு வேலைக்கு வருகிறவருக்கும் ஊரிலிருந்து வரும் அம்மாவுக்கும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோலம் போடும் நிலைவாசல், சமையலறை, குளியலறைப் பக்கம் டைல்ஸே இருக்கட்டும். பீரோ, கட்டில் கால்களுக்கு அடியில் கம்பளித் துணி ஒட்டினால் கீறல் விழாது.

என் முடிவு இது: தறி இன்னும் ஓடுகிற அறையில் வேண்டவே வேண்டாம். மூடிய குழி உள்ள கீழ்த்தளத்துக்கு டைல்ஸோ, கல்தூளும் பி.வி.சி.யும் கலந்த எஸ்.பி.சி. பலகையோ பார்க்கலாம். எஸ்.பி.சி. நீரில் உப்பாது, ஆனால் பள்ளம் விழுந்தால் அதன் பூட்டும் உடையும், எனவே குழியைக் கெட்டிப்படுத்தாமல் அதையும் போடாதீர்கள். லேமினேட் ஆசை இருந்தால் மாடி அறைக்குப் போடுங்கள், அங்கே மண்ணின் ஓதம் ஏறாது.