முயலின் காதில் எண் குத்துதல்: கருவியைத் தேர்ந்தெடுப்பதும் கையாளுவதும்

முயற்பண்ணை வைத்திருக்கும் குடியானவருக்கு நஷ்டம் வருவது நோயினாலும் தீனிச் செலவினாலுமே என்று பெரும்பாலும் எண்ணப்படுகிறது. கணக்கில் அகப்படாத மற்றொரு நஷ்டமும் உண்டு. எந்தக் குட்டி எந்தத் தாய்க்குப் பிறந்தது என்பது தெரியாமற் போவதனால் அது விளைகிறது. பெண்முயல் சினையுற்று ஏறக்குறைய 31 நாளில் ஈனுகிறது. ஓர் ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டிகள் வரை பிறப்பது சாதாரணம். வெள்ளை ஜாதியாயின் ஒரு குட்டிக்கும் மற்றொரு குட்டிக்கும் வேற்றுமை தோன்றாது. பால் மறந்தபின் இரண்டு மூன்று ஈற்றுக் குட்டிகளை ஒரே கூண்டில் விட்டால், மறுநாள் அவற்றை வளர்த்தவராலேயே இனம் பிரிக்க இயலாது. ஐந்தாறு மாதம் சென்று அவற்றினின்று ஆணும் பெண்ணும் பொறுக்கி இனவிருத்திக்கு விடும்போது உடன்பிறந்தவையே ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. இவ்வாறு சில தலைமுறை நடக்குமாயின் ஈற்றுக்குட்டிகளின் தொகை குறையும். பிறந்தவையும் நலிந்து மடியும். குடியானவரோ தீனியையும் பருவத்தையும் நொந்துகொள்வார்.

கூண்டின்மேல் அட்டை கட்டித் தொங்கவிடுவது பலரும் கைக்கொள்ளும் முறை. அட்டை கூண்டைக் குறிக்குமேயன்றி முயலைக் குறிக்காது. கூண்டு கழுவும்போது முயல் இடம் மாறினால் அட்டை பொய் சொல்லத் தொடங்குகிறது. முயலின் வாய்க்கு எட்டினால் அட்டையே மறைந்துவிடுகிறது. காதில் மைப்பேனாவினால் எழுதும் எண் சில நாளில் அழிந்துபோம். ஆட்டுக்குப் போடுவதுபோன்ற காதுத்தகட்டை முயலுக்குப் போட்டால் அது கூண்டுக்கம்பியில் சிக்கிக் காதைக் கிழித்துவிடும். தோலினுள் செலுத்தும் மின்னணுச் சில்லு இக்காலத்தில் கிடைக்கிறதாயினும், அதைப் படிக்கத் தனிக்கருவி வேண்டும்; வாங்க வருபவர் கையில் அது இராது. இங்கிலாந்தில் பிரிட்டிஷ் முயல் சங்கத்தார் பின்னங்காலில் வளையம் இடும் வழக்கத்தைக் கைக்கொண்டுள்ளனர். அதில் ஜாதிக்குத் தக்க அளவும் இளவயதில் இடுதலும் முக்கியம். அளவு தவறினால் கால் வீங்கும். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் காதில் பச்சை குத்துவதே வழக்கமாக இருக்கிறது. முயலின் உட்காது மயிர் குறைந்து, தோல் மெலிந்து, எழுதுவதற்கென்றே அமைந்த ஏடுபோல் இருத்தலால் நம் நாட்டுப் பண்ணைகளுக்கும் இதுவே பொருத்தமானது.

பச்சை குத்துவதற்குரிய கருவிகள் இரு வகைப்படும். முதலாவது குறடு. இதன் ஒரு தாடையில் ஊசிமுனைகளால் அமைந்த எண்களைச் செருகும் பள்ளமும், எதிர்த் தாடையில் ரப்பர் மெத்தையும் உள்ளன. கைப்பிடியை ஒருமுறை அழுத்தியதும் எண் முழுவதும் ஒரே கணத்தில் பதிந்துவிடும். இரண்டாவது பேனா. மின்கலத்தாலோ மின்சாரத்தாலோ இயங்கும் ஊசி விரைவாக மேலுங்கீழும் அசைய, குத்துபவர் எழுதுவதுபோல் எண்ணை வரைய வேண்டும்.

இரண்டில் எது நல்லது என்பதைப் பண்ணையின் அளவைக்கொண்டே தீர்மானிக்க வேண்டும். மாதத்தில் மூன்று நான்கு ஈற்றுக் குட்டிகளுக்கு எண் இடவேண்டியவருக்குக் குறடே தகும். வேலை விரைவில் முடிகிறது. எழுத்தின் அழகு குத்துபவரின் கைத்திறனைப் பொறுத்ததன்று. வேதனையும் ஒரு கணத்தோடு நிற்கிறது. ஆண்டில் பத்துப் பதினைந்து முயலுக்கு மேல் குறியிடாதவர் பேனாவை வாங்கலாம். எண்ணையும் எழுத்தையும் விரும்பியபடி எழுதவும், மங்கிய பழைய குறியைப் புதுப்பிக்கவும் அது உதவும். ஆனால் அதன் ஓசையாலும் அதிர்வாலும் சில முயல்கள் மிரளும். நேரமும் கூடுதலாகச் செல்லும். நடுங்குகிற கைக்கு அது ஏற்றதன்று. தையலூசியால் மை தொட்டுக் குத்துகிறவர்களும் உண்டு. புள்ளிகள் ஒரே ஆழத்தில் இறங்காமையால் பாதி எண் நிலைத்துப் பாதி எண் மறையும். அத்தகைய குறியைக் காட்டிலும் குறியில்லாமலிருப்பது மேல். ஏனெனில் 8 என்பது 3 ஆகப் படிக்கப்படுமாயின் பேரேடு முழுதும் சந்தேகத்துக்கு இடமாகும்.

குறடு வாங்குகிறவர் முதலிற் பார்க்கவேண்டியது எண்ணின் உயரம். மாட்டுக்குரிய குறட்டில் எண்கள் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் உயரமிருக்கும். விலை மலிவாகக் கிடைத்ததென்றோ, அடுத்த வீட்டில் இரவல் கிடைத்ததென்றோ அதை முயலுக்கு உபயோகிப்பது தவறு. குட்டியின் காதில் இரத்தக்குழாயின்மேல் விழாமல் அந்த எண்ணை வைக்க இடம் போதாது. முயலுக்கு 7 அல்லது 8 மில்லிமீட்டர் உயரமுள்ள எண்களே வேண்டும். இரண்டாவது, குத்தியதும் காதை ஊசிகளினின்று தள்ளிவிடும் வில்தகடு குறட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாத குறட்டில் காது ஊசியில் மாட்டி நிற்க, முயல் தலையை உதறிக் காதைக் கிழித்துக்கொள்ளக்கூடும். மூன்றாவது, ஊசிகள் ஒரே உயரமாயும், வளையாமலும், துருவின்றியும் இருக்கின்றனவா என்பது.

எண்களின் தொகையைப் பற்றி ஒரு வார்த்தை. 0 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கமும் ஒன்றே கொண்ட பெட்டியை வாங்கியபின்தான், 11 என்றோ 22 என்றோ குத்த முடியாதென்பது பலருக்குத் தெரியவருகிறது. 001 முதல் 999 வரையில் ஓர் இலக்கமாவது திரும்ப வரும் எண்கள் 279. அவ்வளவையும் விட்டுவிட்டு எண்ணிடுவது பேரேட்டில் குழப்பத்தை உண்டாக்கும். ஆகையால் ஒன்றுக்கு இரண்டு பெட்டியாக வாங்குவதே நலம்; மூன்றிலக்கமும் ஒன்றாக வரும் 111, 222 முதலியவற்றை மட்டும் தள்ளிவிட்டால் போதும்.

மையைப் பொறுத்தே குறியின் ஆயுள் அமைகிறது. நம் ஊர்களில் பச்சை குத்தும் பெண்கள் விளக்குக் கரியையே மையாகக் கொண்டனர். கரிய மை தோலின்கீழ்ப் பசுமை கலந்த நீலமாகத் தோன்றுவதாலேயே அத்தொழிலுக்குப் பச்சை என்னும் பெயர் பொருந்தி நிற்கிறது. முயலுக்கும் கரியினாலாகிய, பசைபோல் குழைந்த பச்சைகுத்தும் மையே சிறந்தது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்படும் வெள்ளை ஜெயண்ட் போன்ற வெண்ணிற ஜாதிகளுக்குக் கறுப்பு மை தெளிவாகத் தெரியும். உட்காதின் தோலே கறுத்திருக்கும் முயல்களுக்குப் பச்சைநிற மையை உபயோகிக்க வேண்டும். எழுதும் பேனா மையையும் முத்திரை மையையும் ஒருபோதும் உபயோகிக்கலாகாது. அவை தோலில் நிலைப்பதில்லை. சில புண்ணையும் உண்டாக்கும்.

எந்த எண்ணை எந்தக் காதில் இடுவது என்பதற்குப் பிற நாட்டு வழக்கங்கள் வழிகாட்டக்கூடும். 1910-ல் தோன்றிய அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கத்தின் விதிப்படி இடக்காது வளர்ப்பவருடைய எண்ணுக்கு உரியது. வலக்காது சங்கத்தின் பதிவுக்குறிக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஜெர்மனியில் வலக்காதில் சங்கத்தின் குறியையும், இடக்காதில் பிறந்த மாதம், ஆண்டின் கடைசி இலக்கம், வரிசை எண் ஆகியவற்றையும் இடுகின்றனர். இம்முறைப்படி 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பிறந்த பதினான்காவது குட்டியின் காதில் 3, 5, 14 என்று காணப்படும். ஆண்டின் இலக்கம் பத்து வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வருமே என்று அஞ்சவேண்டியதில்லை. இனவிருத்திக்கு நிறுத்தும் முயல் எதுவும் அதுவரை பண்ணையில் நிற்பதில்லை. சிலர் ஆணுக்கு ஒற்றைப்படை எண்ணும் பெண்ணுக்கு இரட்டைப்படை எண்ணும் இடுகின்றனர். இது பார்வைக்கு எளிது. ஆனால் ஐந்து வாரக் குட்டியில் பால்வேற்றுமையைத் தவறாகக் காண்பது கைதேர்ந்தவருக்கும் நேர்வது. காதில் பதிந்த தவற்றைத் திருத்த முடியாது. பேரேட்டில் எழுதியதைத் திருத்தலாம்.

எண் குத்துவதற்குத் தக்க காலம் குட்டியைத் தாயினின்று பிரிப்பதற்கு இரண்டு மூன்று நாளுக்கு முன்பாகும். அப்போது தாயைப்பற்றி ஐயம் இராது. ஒரு தாயின் குட்டியை மற்றொரு தாயிடம் பால்குடிக்க விட்டிருந்தால் மட்டும், மாற்றிய நாளிலேயே அதைக் குறித்துவைத்திருக்க வேண்டும். வெயில் ஏறிய வேளையில் காதின் இரத்தக்குழாய்கள் விரிந்து நிற்குமாதலால் காலையிளங்குளிரில் வேலையை முடிப்பது நன்று. உட்காதில் செதில் படிந்திருக்குமாயின் அது காதுச் சொறியாக இருக்கலாம். அந்த முயலை அன்று தொடாமல் மிருக வைத்தியரிடம் காட்டிக் குணப்படுத்தியபின் குத்த வேண்டும். இன்றேல் அக்குறடே சொறியைப் பண்ணை முழுதும் கொண்டுசெல்லும்.

வேலைக்கு இருவர் தேவை. மேசைமேல் சாக்கை விரித்து, முயலைத் துணியால் தலை மட்டும் வெளியே தெரியும்படி சுற்றி, ஒருவர் அணைத்துப் பிடிக்க வேண்டும். முயலைக் காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. பின்னங்கால்களைத் தளரவிடுவது அதனினும் ஆபத்து. பலமாக உதைக்கும் வேகத்திலேயே முயலின் முதுகெலும்பு முறிவதுண்டு.

எண்களைக் குறட்டில் செருகியதும் முதலில் ஓர் அட்டையில் குத்திப் பார்க்க வேண்டும். ஊசி எண்கள் இடம் வலமாக மாறி அமைந்திருப்பதால் வெறுங்கண்ணால் பார்த்து வரிசையைத் தெரிந்துகொள்வது எளிதன்று. 6-ஐத் தலைகீழாகச் செருகினால் 9 ஆகிவிடும். பின்பு ஸ்பிரிட்டு நனைத்த பஞ்சினால் உட்காதின் அழுக்கையும் எண்ணெய்ப்பசையையும் துடைத்து, ஈரம் உலரவிட வேண்டும். எண்ணெய்ப்பசை நின்றால் மை இறங்காது. காதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவே ஓடும் பெரிய இரத்தக்குழாயும் ஓரத்திலுள்ள குழாய்களும் செவ்வரிகளாகத் தெரியும். நடுக்குழாய்க்கும் ஓரக்குழாய்க்கும் இடைப்பட்ட வெளியில், காதின் நீளவாக்கில் எண்வரிசை அமையும்படி குறட்டை வைக்க வேண்டும். ஊசிகள் உட்காதின் பக்கமாகவே இருத்தல் வேண்டும். மையை முன்பே தோலில் தடவி, குறட்டை ஒரே தடவை உறுதியாக அழுத்தி உடனே விட்டுவிட வேண்டும். தயங்கி அழுத்தினால் புள்ளிகள் விடுபடும். மறுபடி அழுத்தினால் ஊசிகள் பழைய துளைகளில் விழாமல் எண் இரட்டையாகத் தோன்றும்.

குத்துவது பாதி வேலையே. துளைகளில் மையை இறக்குவதுதான் குறியை நிலைநிறுத்துகிறது. மேலும் சிறிது மை இட்டுக் கட்டைவிரலால் அரை நிமிஷமாவது நன்றாகத் தேய்க்க வேண்டும். இரத்தம் கசிந்தால் அது மையை வெளியே தள்ளிவிடும். பஞ்சினால் அழுத்தி, நின்றபின் மறுபடி மை தேய்க்க வேண்டும். மிஞ்சிய மையைத் துடைக்காமல் அதன்மேல் சிறிது வாஸலைன் பூசி முயலைக் கூண்டில் விடலாம். அசிங்கமாக இருக்கிறதே என்று அன்றே கழுவுபவரின் குறிகளே விரைவில் மங்குகின்றன.

இதனால் முயலுக்கு வேதனை உண்டா என்று கேட்கலாம். முயல் கத்துவது அரிது. ஆகவே வலியில்லை என்று கொள்வதற்கில்லை. இங்கிலாந்தில் நியூகாஸில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 2012-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், காதில் குத்தும்போது முயலின் கண் இடுங்குவதையும், கன்னம் ஒட்டுவதையும், மூக்கு, மீசை, காது ஆகியவற்றின் நிலை மாறுவதையும் அளந்து, அதனின்று முயலின் வலியை முகத்தாற் காணும் அளவுகோல் ஒன்றை அமைத்தனர். லிடோகெயின், பிரிலோகெயின் என்னும் மருந்துகள் கலந்த களிம்பைக் குத்துமுன் காதில் தடவிய முயல்களில் அந்த அறிகுறிகள் குறைந்திருந்தன. மிருக வைத்தியரைக் கேட்டு அக்களிம்பைத் தடவி, அவர் சொல்லும் நேரம் கழித்து நன்றாகத் துடைத்து, ஸ்பிரிட்டினால் சுத்தம் செய்தபின் குத்தலாம். அதற்காகும் செலவு சொற்பமே. முயல் உதறாமலிருப்பதால் எண்ணும் நேராக விழுகிறது.

ஒரு முயலுக்கும் அடுத்ததற்கும் இடையே ஊசிகளை ஸ்பிரிட்டில் அலம்ப வேண்டும். வேலை முடிந்ததும் பழைய பல்துலக்கும் தூரிகையால் மையையும் இரத்தத்தையும் போக்கி, உலர்த்தி, எண்ணெய் தடவிப் பெட்டியில் வைக்க வேண்டும்.

எண் இட்ட அன்றே அதைப் பேரேட்டில் ஏற்றுவது அவசியம். பிறந்த தேதி, தாய் தந்தையரின் எண்கள், பால், நிறம், பின்பு விற்ற தேதி, வாங்கினவர் பெயர் ஆகியன ஒரே வரியில் அமையட்டும். கிராம அதிகாரிகளுக்கும் இதில் பயன் உண்டு. களவு, கடன், காப்பீடு ஆகியவற்றில் இன்ன பிராணி இன்னாருடையது என்று சான்று அளிக்கும்படி கேட்கப்படும்போது, காதிலுள்ள எண்ணும் பேரேட்டின் வரியும் ஒத்திருந்தால் விசாரணை சுருங்கும். காட்டு முயலைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காதில் எண் இருப்பது மட்டும் ஒரு பிராணியை வளர்ப்பு முயலாக்கிவிடாது. வாங்கிய ரசீதையும் பேரேட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மூன்று வாரம் சென்றபின் குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணை உரக்கப் படிக்கச்செய்து, பேரேட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும். குத்தியவரே படிக்காமல், எண்ணை முன் அறியாத வேறொருவர் படிப்பது நல்லது. அவர் தடுமாறும் இடத்தில் வாங்குபவரும் தடுமாறுவார். அத்தகைய குட்டி ஒன்றிரண்டு இருந்தால், அவற்றின் தாய் இன்னதென்று நினைவிருக்கும்போதே பேனாவினாலோ, மற்றக் காதில் குறட்டினாலோ எண்ணைத் தெளிவாக்கிவிடலாம்.