குடியிருப்பைத் திருத்துவோர் யார்?

திம்புள்ளப் பகுதியில் நான் பிறந்து வளர்ந்த லயத்தின் பின்புறத்தே மலசலகூட வரிசையொன்று கட்டப்பட்டது. கட்டுவித்தோர் லயத்துப் பெண்களை ஒரு வார்த்தை கேட்டாரில்லை. கதவுகள் யாவும் கொழுந்து மடுவத்துக்குச் செல்லும் பாதையை நோக்கியிருந்தன. தண்ணீரையோ பீலியிலிருந்து சுமந்துவர வேண்டும். ஈராண்டுக்குள் அது விறகு அடுக்கும் இடமாயிற்று. பணமின்மையால் வந்த கேடன்று அது. கேளாமையால் வந்த கேடு.

கொழும்பு மாநகரின் நெருக்கமான வறிய குடியிருப்புகளிலும் (அவற்றுக்கும் 'தோட்டம்' என்றே பெயர் வழங்குவது வேடிக்கை) இந்நிலையே இருந்தது. 1984ஆம் ஆண்டில் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தின்கீழ் அங்கே வேறொரு வழி முயலப்பட்டது. குடியிருப்போர் தமக்குள் சமூக அபிவிருத்திச் சபை அமைத்தனர். எப்பாதை அகலவேண்டும், எவர் வீடு எத்தனை அடி பின்வாங்கவேண்டும் என்பவற்றை அதிகாரிகளுடன் அமர்ந்து தாமே பேசித் தீர்த்தனர். குடும்பமொன்றுக்குக் கிடைத்த நிலம் ஏறக்குறைய 2 பேர்ச்சஸ்தான். அயலார் இணங்காமல் அதனைப் பங்கிடல் எவராலும் இயலாது. கிணறு, வடிகால், நடைபாதை போன்ற சிறு வேலைகளைத் தேசிய வீடமைப்பு அதிகார சபை அச்சபைகளுக்கே ஒப்பந்தமாக வழங்கியது. வெளி ஒப்பந்தகாரர் வேலை முடிந்ததும் போய்விடுவார். நாற்றத்தோடு வாழ்பவர் குடியிருப்பவரே. ஆதலின் கலவையில் மணல் மிகுந்தால் அவர் பார்த்துக்கொண்டிரார்.

பாகிஸ்தானின் கராச்சி நகரத்து ஓராங்கியில் 1980இல் அக்தர் ஹமீத் கான் என்பார் தொடங்கிய பணி இதனினும் ஒருபடி மேற்சென்றது. ஒரு சந்தில் வாழும் இருபது முப்பது வீட்டார் ஒருவரை முகாமையாளராகத் தெரிந்து, தம் பணத்திலேயே கழிவுநீர்க் குழாய் பதித்தனர். அளவையும் வரைபடமும் கருவிகளும் திட்டத்தார் உதவியவை. செலவு அரசாங்க மதிப்பீட்டினும் மிகக் குறைந்தது. எனினும் சந்துகளின் நீரை ஏற்கும் பெருங்கால்வாயை அரசே அமைத்தல் வேண்டும் என்பது அத்திட்டத்தின் கொள்கை.

நம் மலைநாடு இடறுவது இவ்விடத்திலேதான். சிரமதானத்துக்கு இங்கே குறைவில்லை. திருவிழாவுக்கு முந்திய ஞாயிறன்று லயத்துக் கான் முழுவதையும் வெட்டித் துப்புரவாக்கிவிடுவர். ஆனால் அக்கான் தேயிலை மலையின் ஓரத்தில் முடிந்துவிடும். அப்பால் அந்நீரைக் கொண்டுசெல்வது யார் கடமை? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்து 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதி செலவிடத் தடையாயிருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்தனர். அவ்வாக்கினால் அமைந்த சபையோ அவர்களுக்கு ஒரு கான் கட்ட இயலாதிருந்தது! 2018இலேதான் அப்பிரிவு திருத்தப்பட்டது. அதற்குச் சற்று முன்னர் அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய இடங்களுக்குப் புதிய பிரதேச சபைகளும் அமைந்தன. தடை நீங்கியதனால் மட்டும் நீர் ஓடிவிடாது. மலைச்சரிவு குடியிருப்பை என்ன செய்யும் என்பதை 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் மீரியபெத்தையில் கண்டோம்.

சபைக்கு விண்ணப்பிக்க வரைபடம் வேண்டும். நம் பழைய மாணவருள் நில அளவையாளரும் பொறியியலாளரும் உளர். ஒரு லயத்துக் கானின் சரிவை அளந்து வரைய அவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். எப்பக்கம் வெட்டினால் வாசலில் நீர் தேங்கும் என்பதை லயத்துப் பெண்கள் சொல்வார்கள். விண்ணப்பம் எழுதும் வேலையை என் வகுப்பு மாணவர் ஏற்றுக்கொள்வர்.