வெளிக்கிட்ட கதையும் இருந்த கதையும்

1990 ஒக்டோபரில் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டு எருக்கலம்பிட்டிக்கு வந்துபோனவர்கள் அநேகம். பத்திரிகையாளர் வந்தார்கள், ஆய்வாளர் வந்தார்கள், தொண்டு நிறுவனத்தார் வந்தார்கள். கமெராவுக்கு முன்னால் ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி நம் மூத்தவர்களுக்கு வாய் அலுத்துவிட்டது. "வெளிக்கிட்ட கதையத்தான் எல்லாரும் கேக்குறாங்க மகன், நாங்க இருந்த கதைய ஆரு கேக்குறா?" என்பது அவர்களில் பலரின் மனக்குறை. தனிமனிதர்களின் வாழ்க்கைக் கதைகளைப் பதிவுசெய்யும் பல்லூடகத் தயாரிப்பாளர் முதலில் பதில் சொல்ல வேண்டியது இந்தக் கேள்விக்குத்தான்.

பல்லூடகத் தயாரிப்பாளர் என்றதும் பெரிய ஸ்டூடியோவும் வெளிச்சமும் நினைவுக்கு வரலாம். வேலை அப்படியல்ல. ஒருவருடைய குரல், அவருடைய முகமோ கையோ வீடோ தெரியும் சில படங்கள், சிறிய வீடியோத் துண்டு, கையால் வரைந்த ஒரு வரைபடம், நாலு வரி எழுத்து ஆகியவற்றைச் சேர்த்து, ஐந்து பத்து நிமிடத்தில் ஒரு வாழ்க்கையின் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டுவதே அது. செய்தியாளர் சம்பவத்தைத் தேடிப் போகிறார். இவர் ஆளைத் தேடிப் போகிறார். நல்ல கைத்தொலைபேசியும் சட்டையில் குத்தும் சிறிய மைக்கும் இருந்தால் இன்று இந்த வேலையைத் தொடங்கிவிடலாம். ஆனால் சும்மா மைக்கை நீட்டினால் கதை வந்துவிடாது.

எருக்கலம்பிட்டியின் வெளியேற்றக் கதை பொதுப்பதிவில் இருக்கிறது. 1990 ஒக்டோபர் 24ஆம் திகதி, மன்னார் தீவின் முஸ்லிம்கள் 28ஆம் திகதிக்குள் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 26ஆம் திகதி எருக்கலம்பிட்டி சுற்றிவளைக்கப்பட்டு வீடுவீடாகக் கொள்ளையிடப்பட்டது. கடற்கரையில் காத்துக்கிடந்த சனம் படகேறிக் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு அதே மாதம் 30ஆம் திகதி கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேர் இவ்வாறு துரத்தப்பட்டார்கள்.

இந்த எண்ணிக்கைகள் தானாக வந்துவிடவில்லை. எருக்கலம்பிட்டி மண்ணின் மைந்தரும் பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியருமான எஸ். எச். ஹஸ்புல்லாஹ், யார் எங்கிருந்து போனார்கள், எதை இழந்தார்கள் என்று தேடித் தொகுப்பதில் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டார். 2018இல் அவர் மறைந்தார். சட்டம் மற்றும் சமூக அறக்கட்டளையின் முயற்சியில் அமைந்த பிரஜைகள் ஆணைக்குழு, பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலங்களைக் கேட்டு 2011இல் தன் அறிக்கையை வெளியிட்டது. உலகம் மறந்துபோன ஒரு அநியாயத்தை நிலைநாட்ட இந்த உழைப்புக்கள் அத்தியாவசியமாக இருந்தன. அவை இல்லாவிட்டால் இன்று நாம் பேசவே இடமிருந்திருக்காது.

இருந்தாலும் எண்ணிக்கைக்கு ஒரு எல்லை உண்டு. 75,000 என்று சொல்லும்போது ஒருவருடைய முகமும் தெரிவதில்லை. வாக்குமூலத்துக்கும் எல்லை உண்டு. ஆணைக்குழுவின் முன் நிற்பவர் இழந்ததைத்தான் சொல்ல வேண்டும். அவரிடம் கேட்கப்படுவதும் அதுதான். கடலில் சங்கு குளித்த வாப்பாவின் மூச்சுப் பிடிக்கும் வித்தையும், கலியாண வீட்டில் யார் யார் வந்து சமைத்தார்கள் என்பதும், அயலூர்த் தமிழ்க் குடும்பத்துடன் இருந்த கொடுக்கல் வாங்கலும் வாக்குமூலத்தில் இடம்பிடிக்கா. இவை பதிவாகாமல் போனால் அடுத்த தலைமுறைக்கு எருக்கலம்பிட்டி என்பது துரத்தப்பட்ட ஓர் இடமாக மட்டுமே எஞ்சும். அங்கே சனம் எப்படி வாழ்ந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

இதை உணர்ந்து செய்யப்பட்ட முயற்சிகள் இந்நாட்டிலேயே உண்டு. இங்கிலாந்தில் வளர்ந்து சட்டம் படித்த கண்ணன் அருணாசலம், 'ஐ ஆம்' என்ற பல்லூடகத் திட்டத்தில் பல இனங்களையும் சேர்ந்த மூத்தோரின் குரல்களைப் படங்களோடு சேர்த்துத் தந்தார். 'நான் யார், என் ஊர் எது' என்பதே அதன் அடிப்படைக் கேள்வி. ராதிகா ஹெட்டியாராச்சி தொடங்கிய 'ஹெர்ஸ்டோரீஸ்' திட்டம் 2012, 2013 ஆண்டுகளில் வடக்கிலும் தெற்கிலும் உள்ள தாய்மாரின் கதைகளைச் சேகரித்தது. அவர்களைக் கமெரா முன் இருத்திக் கேள்வி கேட்பதோடு நிற்காமல், கடிதம் எழுதவும் நினைவு வரைபடம் கீறவும் விட்டது. ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட நூலின் தலைப்பு 'நிறைவுறாத தோம்பு' என்று பொருள்படும். ஒல்லாந்தர் காணிகளைப் பதிந்த ஏடு தோம்பு. இடம்பெயர்ந்தவர்கள் தாம் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறிய படங்கள் இந்த நூலில் தோம்பாகின்றன. உறுதியைத் தொலைத்தவர்கள் நிறைந்த நமக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

இவற்றிலிருந்து நாம் எடுக்கக்கூடிய தொழில் நுணுக்கம் ஒன்றுண்டு. பெரிய கேள்வி சிறிய பதிலைத்தான் கொண்டுவரும். "வெளியேற்றத்தைப் பற்றிச் சொல்லுங்க" என்றால் நூறு தடவை சொன்ன கதையே திரும்பி வரும். "அன்டைக்கு அடுப்புல என்ன இருந்திச்சி?", "வாசல் எந்தப் பக்கம் பார்த்திருந்திச்சி?", "கிணத்தடியில என்ன மரம்?" என்று கேட்டுப் பாருங்கள். சொல்பவர் ஒரு நிமிடம் கண்ணை மூடுவார். பிறகு வருவது அவருக்கே புதிய கதை. அந்த ஒரு நிமிட மௌனத்தை எடிட்டில் வெட்டிவிடக் கூடாது. கதைக்குக் கீழே சோகப் புல்லாங்குழலும் போடக் கூடாது. அழுகையைக் கேட்பவருக்கு நாம் ஊட்டிவிடத் தேவையில்லை.

யார் கேட்பது என்பதும் முக்கியம். 2003இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஸ்டோரிகோர்ப்ஸ்' அமைப்பு, ஒருவரையொருவர் நன்கறிந்த இரண்டு பேரை நேருக்கு நேர் இருத்தி 40 நிமிடம் பேசவிடுகிறது. தயாரிப்பாளர் ஒதுங்கி இருப்பார். பேரப்பிள்ளை கேட்டால் உம்மம்மா சொல்லும் கதை, அந்நியர் கேட்டால் சொல்லும் கதையல்ல. நம் குடும்ப அமைப்புக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறில்லை.

இனி மிக முக்கியமான விடயம். ஒருவர் தம் கதையை நம்மிடம் தருவது அமானிதம். தந்தவர் திருப்பிக் கேட்டால் கொடுக்க வேண்டும். ஆகவே பதிவுக்கு முன் ஒரு தடவையும், எடிட் முடிந்து அவருக்குப் போட்டுக் காட்டிய பின் இன்னொரு தடவையும் சம்மதம் கேட்பது கடமை. முகம் காட்ட விரும்பாத பெண்ணின் கையும் குரலும் போதும். குரலும் வேண்டாமென்றால் எழுத்துப் போதும். "இந்த இடத்த எடுத்துடுங்க தம்பி" என்றால், அது எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும் எடுத்துவிட வேண்டும்.

சிக்கலான இடமும் வரும். விட்டுப்போன வீட்டின் கதவை யார் கழற்றினார், காணியை யார் பிடித்தார் என்று ஒருவர் பெயர் சொல்லிப் பேசுவார். இது புறமா, சாட்சியமா? அநியாயத்துக்குள்ளானவர் அதை வெளிப்படையாகச் சொல்லும் உரிமையை சூரா அந்நிஸாவின் 148ஆவது வசனம் தருகிறது. ஆனால் அந்த உரிமை பாதிக்கப்பட்டவருக்குரியது. அதைத் தூக்கி ஊரெல்லாம் பரப்பும் அனுமதி தயாரிப்பாளருக்குத் தானாகக் கிடைப்பதில்லை. குற்றம் சாட்டப்படுபவர் பதில் சொல்ல அங்கே இல்லை. அவருடைய பிள்ளைகள் இன்று பக்கத்து வீட்டில் இருக்கக்கூடும். முழுப் பதிவையும் அப்படியே பாதுகாத்து வைத்து, வெளியிடும் வடிவில் பெயரைத் தவிர்ப்பதே பெரும்பாலும் நியாயமான வழி. சாட்சியமும் அழியாது, புதிய பகையும் மூளாது.

பாதுகாப்பது எப்படி என்பதற்கும் நம் மரபிலேயே பாடம் இருக்கிறது. ஹதீஸ் கலை அறிவிப்பாளர் தொடரைக் கேட்கிறது: யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், நேரில் கண்டாரா? ஒவ்வொரு பதிவோடும் சொன்னவர், கேட்டவர், இடம், திகதி, உடனிருந்தவர்கள், எந்த அளவுக்குச் சம்மதம் என்ற விபரங்கள் எழுதப்பட வேண்டும். "நான் கண்டேன்" என்பதும் "உம்மா சொன்னா" என்பதும் வேறு வேறாகக் குறிக்கப்பட வேண்டும். இரண்டும் பெறுமதியானவை, ஒன்று மற்றதாகிவிடக் கூடாது. மூலப் பதிவைச் சுருக்காத வடிவில் மூன்று பிரதிகளாக வைத்து, அதில் ஒன்றை வேறு ஊரில் வைப்பது நல்லது. கைத்தொலைபேசியில் மட்டும் கிடக்கும் கதை, அந்தத் தொலைபேசி பழுதாகும் வரைதான் உயிரோடிருக்கும். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகங்கள் இதற்குக் கைகொடுக்கக்கூடியவை.

இன்று எருக்கலம்பிட்டி என்ற பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று மன்னார் தீவில். மற்றது புத்தளம் நாகவில்லுவில், அதே பெயரில் ஒரு பாடசாலையோடு. 2009க்குப் பின் சிலர் திரும்பினார்கள், சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள், பலர் இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் இருக்கிறார்கள். நாகவில்லுவில் பிறந்த பிள்ளைக்கு மன்னார் கடல் உம்மம்மாவின் வாயில் மட்டுமே இருக்கிறது. அன்று 40 வயதில் படகேறியவர் இன்று 75ஐ எட்டிவிட்டார். ஜனாஸா அறிவித்தல் ஒவ்வொன்றும் ஒரு தோம்பு ஏட்டை மூடிக்கொண்டு போகிறது.

இந்த வேலைக்கு வெளியிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த விடுமுறையில் இரண்டு ஊர்ப் பாடசாலைகளின் உயர்தர வகுப்புப் பிள்ளைகளும் ஆளுக்கொரு மூத்தவரோடு ஒரு மணித்தியாலம் இருந்தால் போதும். மின்விசிறியை நிற்பாட்டிவிட்டு, மைக்கைச் சரிசெய்து, வெளிக்கிட்ட கதையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இருந்த கதையை முதலில் கேட்கட்டும்.