காகிதத்தில் ஒரு ராக்கெட் ஊர்வலம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் "கைத்தொழிலும் அறிவியலும்" என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ராக்கெட் என்றதும் நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது தீப்பிழம்பும் புகையும்தான். பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணுவார்கள், சீறிக்கொண்டு கிளம்பும், சில நிமிடங்களில் கண்ணுக்கு மறைந்துவிடும். ஆனால் அதற்குச் சில நாள் முன்பே இன்னொரு காட்சி நடந்து முடிந்திருக்கும். ராக்கெட்டைக் கொட்டகையிலிருந்து வெளியே கொண்டுவந்து, ஏவுமேடைக்கு மெல்ல மெல்ல அழைத்துச் செல்லும் காட்சி அது. பினாங்கு மக்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. தைப்பூசத்துக்கு முதல்நாள் பினாங்கு வீதியில் உள்ள கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டுத் தண்ணீர்மலை நோக்கிப் போகிறதல்லவா? அதே மெதுவான நடை, அதே கவனம், இருபுறமும் காவல், முன்னும் பின்னும் ஆட்கள். ராக்கெட்டுக்கும் ஒரு தேரோட்டம் உண்டு.

அந்தத் தேரோட்டத்தை வீட்டு மேசை மீது காகிதத்தில் எப்படி அமைப்பது என்பதே இன்றைய பேச்சு.

நம் நாட்டுக்குச் சொந்தமான ஒரு காட்சி

எந்த ராக்கெட்டைச் செய்யலாம்? மலேசியர்களாகிய நமக்கு ஒரு ராக்கெட் ஏற்கெனவே இருக்கிறது. 2007 அக்டோபர் 10 ஆம் நாள், மலேசிய நேரப்படி இரவு 9.22 க்கு, கசக்ஸ்தானில் உள்ள பைக்கானூர் ஏவுதளத்திலிருந்து சோயூஸ் டிஎம்ஏ-11 விண்கலம் கிளம்பியது. அதில் அமெரிக்காவின் பெக்கி விட்சன், ரஷ்யாவின் யூரி மாலென்சென்கோ ஆகியோருடன் நம் டாக்டர் ஷேக் முஸாஃபர் ஷுக்கோரும் இருந்தார். விண்வெளிக்குச் சென்ற முதல் மலேசியர் அவர். அக்டோபர் 21 ஆம் நாள் பூமி திரும்பினார். ஏவுதலுக்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 8 ஆம் நாள் காலையில்தான் அந்த ராக்கெட் ரயில் வண்டியில் படுத்தபடி ஏவுமேடைக்குச் சென்றது.

அந்த மேடைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1961 ஏப்ரல் 12 ஆம் நாள் யூரி ககாரின் புறப்பட்டதும் அதே இடத்திலிருந்துதான். 2019 செப்டம்பர் 25 ஆம் நாள் புறப்பட்ட சோயூஸ் எம்எஸ்-15 பயணமே அந்த மேடையின் கடைசிப் பயணம். நம் நாட்டவரைச் சுமந்து சென்ற சோயூஸ்-எஃப்ஜி வகை ராக்கெட்டுக்கும் அதுவே கடைசிப் பயணம். ஆக, நாம் செய்யப்போவது இனி நேரில் காண முடியாத ஒரு காட்சி.

ஏன் படுத்துக்கொண்டு போகிறது?

எல்லா ராக்கெட்டும் ஒரே மாதிரி போவதில்லை. 2023 ஜூலை 14 ஆம் நாள் சந்திரயான்-3 ஐச் சுமந்து சென்ற எல்விஎம்-3 ராக்கெட்டை ஸ்ரீஹரிகோட்டாவில் நின்ற நிலையிலேயே பொருத்தி, நின்ற நிலையிலேயே தண்டவாளத்தில் நகர்த்தினார்கள். அமெரிக்கர்கள் சுமார் 110 மீட்டர் உயரமுள்ள சாட்டர்ன்-5 ராக்கெட்டைச் சங்கிலிச் சக்கரங்கள் கொண்ட பிரம்மாண்ட வாகனத்தின் மீது நிற்கவைத்து நகர்த்தினார்கள். ரஷ்யர்களின் வழி வேறு. கொட்டகைக்குள் ராக்கெட்டைப் படுக்கவைத்தே பொருத்துகிறார்கள். அதனால் வானளாவிய கட்டடம் தேவையில்லை. எரிபொருளை மேடைக்குப் போன பிறகுதான் நிரப்புகிறார்கள். ஆகவே வழியில் பாரம் குறைவு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சோயூஸ் போகும்போது மூக்கு முன்னால் இருப்பதில்லை. வால்தான் முன்னால் போகும். காரணம் இருக்கிறது. மேடைக்கு அருகில் வந்ததும் தூக்கும் கை ராக்கெட்டை வால்பக்கமாக ஊன்றி நிமிர்த்துகிறது. வால் முன்னே இருந்தால்தான் அது சரியாகத் தீக்குழியின் மேல் போய் இறங்கும். நிமிர்ந்த ராக்கெட் தன் காலில் நிற்பதும் இல்லை. நான்கு இரும்புக் கரங்கள் அதன் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, அது அந்தரத்தில் தொங்கியபடியே காத்திருக்கிறது.

மாதிரி செய்பவருக்கு இது முக்கியம். மூக்கை முன்னால் வைத்துவிட்டால் மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் காட்சி பொய்யாகிவிடும்.

அளவுதான் முதல் பாடம்

கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் அளவை முடிவு செய்ய வேண்டும். 1:200 என்று வைத்துக்கொள்வோம். அதாவது உண்மையில் ஒரு மீட்டர், நம் மேசையில் அரை சென்டிமீட்டர். பிள்ளைகளுக்குக் கணக்கும் எளிது; மீட்டரை இரண்டால் வகுத்தால் சென்டிமீட்டர் கிடைத்துவிடும்.

ராக்கெட்டின் முழு நீளம் சுமார் 49.5 மீட்டர், மாதிரியில் 24.75 சென்டிமீட்டர். வால்பக்க அகலம் 10.3 மீட்டர், மாதிரியில் 5.15 சென்டிமீட்டர். பக்கவாட்டு உந்திகள் நான்கு; ஒவ்வொன்றும் 19.6 மீட்டர் நீளம், அடியில் 2.68 மீட்டர் விட்டம். மாதிரியில் 9.8 சென்டிமீட்டரும் 1.34 சென்டிமீட்டரும். மேலே உள்ள மூன்றாம் கட்டம் 6.7 மீட்டர் நீளம், 2.66 மீட்டர் விட்டம். மாதிரியில் 3.35 சென்டிமீட்டரும் 1.33 சென்டிமீட்டரும். சராசரி மனிதர் எட்டரை மில்லிமீட்டர்தான் வருவார். ஓர் அரிசிமணியைவிடச் சற்றுப் பெரியவர்!

தண்டவாளத்தையும் மறக்கக் கூடாது. அங்கே இரு தண்டவாளங்களுக்கு இடையே 1,520 மில்லிமீட்டர், மாதிரியில் 7.6 மில்லிமீட்டர். நம் பட்டர்வொர்த் நிலையத்து ரயில் பாதையோ ஒரு மீட்டர்தான். அதே அளவில் 5 மில்லிமீட்டர். இரண்டையும் பக்கத்தில் வரைந்து காட்டினால் வேறுபாடு பிள்ளைகளுக்குக் கண்ணில் படும்.

உருளையும் கூம்பும்

தேவையான பொருள்கள் அதிகமில்லை. 160 கிராம் தடிப்புள்ள ஏ4 தாள், காலியான தானிய உணவுப் பெட்டியின் அட்டை, வெள்ளைப் பசை, இரும்பு அடிக்கோல், கூர்மையான கத்தி, சாத்தே குச்சி, துடைப்பத்து ஈர்க்குச்சி. கத்தி வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும்.

முதலில் மூன்றாம் கட்டம். விட்டம் 1.33 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு அதைப்போல் 3.14 மடங்கு, ஏறக்குறைய 4.2 சென்டிமீட்டர். ஒட்டுவதற்கு 4 மில்லிமீட்டர் சேர்த்து 4.6 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டிச் சுருட்டினால் உருளை தயார். தாளுக்கும் நார் ஓடும் திசை உண்டு. இரு பக்கமும் வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இணங்கி வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். இணங்கும் பக்கமாகச் சுருட்டினால் மடிப்பு விழாது. ஒட்டும் முன் தாளை மேசை விளிம்பில் வைத்து மெல்ல இழுத்தால் அது தானாகவே வளையத் தொடங்கும்.

நான்கு உந்திகளும் கூம்பு வடிவம். உண்மையில் அவற்றின் அடிப்பகுதி சற்று உருளையாக இருக்கும். இந்தச் சிறிய அளவில் முழுக் கூம்பாகவே வைத்துக்கொள்ளலாம். கூம்பை விரித்தால் விசிறி போன்ற வட்டத்துண்டு வரும். அதன் ஆரம் 9.8 சென்டிமீட்டர். கோணம் எவ்வளவு? அடிப்பகுதியின் ஆரம் 0.67 ஐ 9.8 ஆல் வகுத்து 360 ஆல் பெருக்குங்கள். சுமார் 25 பாகை. இதுபோல நான்கு வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் ஓரத்தில் ஒட்டும் விளிம்பு விட்டுச் சுருட்ட வேண்டும். ஒட்டிய கோடு நடுத்தண்டைப் பார்க்கும்படி வைத்தால் வெளியே தெரியாது.

நடுத்தண்டு மேல்பகுதியில் பருத்து 2.95 மீட்டர் ஆகிறது. மாதிரியில் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர். உந்திகளின் கூரிய முனைகள் வந்து சேருவது அந்த இடத்தில்தான். ஏவுமேடையின் கரங்கள் பிடிப்பதும் அந்தப் பகுதியைத்தான்.

நீளமான உருளை அமுங்காமல் இருக்க உள்ளே வட்ட அட்டைகளை இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். ஜார்ஜ் டவுனில் பசித்த ஆவிகள் மாதத்தில் சீனக் கைவினைஞர்கள் செய்யும் காகித உருவங்களைப் பார்த்திருப்பீர்கள். முதலில் மூங்கில் சட்டம், பிறகுதான் காகிதத் தோல். நமக்கும் அதே விதிதான்.

காட்சியின் முகம்

வால் முன்னால் போவதால் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது எஞ்சின் வாய்கள்தான். நான்கு உந்திகளும் நடுத்தண்டும் சேர்ந்து ஐந்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு வாய்கள், மொத்தம் இருபது. திசை திருப்பும் சிறு வாய்கள் இன்னும் பன்னிரண்டு. தாள் துளைக்கும் கருவியால் வெட்டிய சிறு வட்டங்களில் ஆரம்வரை ஒரு வெட்டுப் போட்டுச் சுருக்கினால் சிறு கூம்பு கிடைக்கும். பொறுமை வேண்டிய வேலை. ஆனால் முழுக் காட்சிக்கும் உயிர் கொடுப்பது இதுதான்.

தண்டவாளத்துக்கு ஈர்க்குச்சியின் மெல்லிய நுனி, குறுக்குக் கட்டைகளுக்கு ஒரு மில்லிமீட்டர் அட்டைக் கீற்றுகள். ராக்கெட்டைத் தாங்கும் கைக்குச் சாத்தே குச்சி. அந்தக் கையை வால்பக்கத்தில் ஓர் ஊசியால் கோத்துவிட்டால் பிள்ளைகள் ராக்கெட்டைத் தாங்களே நிமிர்த்திப் பார்க்கலாம். ரயில் இயந்திரம் மூக்குப் பக்கத்தில், பின்னாலிருந்து தள்ளுவதாக இருக்கட்டும். தரைக்கு, குடித்து முடித்த தேயிலைத் தூளை நன்றாகக் காயவைத்துப் பசைமேல் தூவினால் கசக்ஸ்தான் வெட்டவெளியின் பழுப்பு மண் அப்படியே வந்துவிடும்.

ஓரத்தில் சில மனிதர்களையும் நிறுத்துங்கள். தண்டவாளத்தில் நாணயம் வைத்து, ராக்கெட் வண்டி ஏறி நசுங்கியதை நினைவாக எடுத்துச் செல்லும் வழக்கம் அங்கே உண்டு. ஆனால் பயணம் போகும் வீரர்களை அந்தக் கூட்டத்தில் வைத்துவிடாதீர்கள். புறப்பாட்டை அவர்கள் பார்ப்பது அபசகுனம் என்பது அங்குள்ள நம்பிக்கை. நாள், நட்சத்திரம் பார்ப்பது நாம் மட்டுமல்ல!

கடைசியாக ஒன்று. பினாங்கின் ஈரக்காற்று காகிதத்துக்குப் பகை. முடித்த மாதிரிக்கு மெல்லிய வார்னிஷ் பூசி, காலணிப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களை அடிப்பலகைக்குக் கீழே வைத்தால் நெடுநாள் நிற்கும்.

எதற்காக இந்த வேலை?

அரங்கில் ஒரு தாயார் எழுந்து கேட்டார்: "இதெல்லாம் நேரத்தைத் தின்னும் வேலைங்க. பரீட்சைக்கு உதவுமா?"

நியாயமான கேள்வி. உருளையின் சுற்றளவு, கூம்பின் விரிப்பு, விகிதம் ஆகிய மூன்றையும் பிள்ளை கைப்பட அறிந்துவிடுகிறது. அது பரீட்சைக்கும் உதவும். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு.

2003 ஆம் ஆண்டில் ரஷ்யாவிடம் 18 சுகோய் போர் விமானங்களை வாங்கிய ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகத்தான் நமக்கு அந்த விண்வெளி இருக்கை கிடைத்தது. 11,000 க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள், ஒருவர் போய்வந்தார். அந்தப் பெருமை நமக்கு என்றும் உண்டு. ஆனால் அதன் பிறகு இன்னொரு மலேசியர் போகவில்லை. இருக்கையை விலைகொடுத்து வாங்கிவிடலாம். ராக்கெட் எப்படிச் செய்யப்படுகிறது என்ற அறிவைக் கையால் வேலை செய்துதான் பெற வேண்டும். விண்வெளி என்பது தொலைக்காட்சியில் பார்க்க வேண்டிய வேடிக்கை என்று நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை நினைத்துவிட்டால், அடுத்த வாய்ப்பு வரும்போதும் நாம் கைதட்டுபவர்களாகவே இருப்போம்.

ஏவுதலின்போது எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். புறப்பாட்டின்போதுதான் ராக்கெட்டுக்குப் பக்கத்தில் நடந்துபோகிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். எட்டரை மில்லிமீட்டர் உயரத்தில் அவர்களில் ஒருவரை வெட்டி ஒட்டும் பிள்ளை, அந்த வேலையைச் செய்யவும் ஆட்கள் வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்கிறது. அடுத்த பள்ளி விடுமுறையில் சில ரிங்கிட் செலவில் தொடங்கிப் பாருங்கள்.