ஈன்ற ஆடுகளுக்கு நேரும் வியாதிகளும் அவற்றின் பரிகாரமும்

வெள்ளாடு குட்டி ஈனுவது பெரும்பாலும் மனிதர் உதவியின்றியே நடந்தேறிவிடுகிறது. இதனாலேயே ஈன்ற தாயைக் கவனிக்கும் வழக்கம் நம் குடியானவர்களிடம் குறைவாயிருக்கிறது. குட்டி எழுந்து பால் குடித்ததைக் கண்டவுடன் காரியம் முடிந்ததென்று எண்ணி, மறுநாளே தாயை மந்தையோடு ஓட்டிவிடுகிறார்கள். தாய்க்கு அபாயம் மிகுந்த பத்து நாட்கள் அப்பொழுதுதான் ஆரம்பமாகின்றன. தாய் இறந்தால் பாலின்றிக் குட்டிகளும் இறப்பது சகஜமாகையால், நஷ்டம் ஓர் உருப்படியோடு நிற்பதில்லை.

திருவண்ணாமலைக்கு வடக்கே வேலூர்ச் சாலையிலுள்ள வேங்கிக்காலிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் மல்லாட்டைச் சாகுபடியும் ஆடு வளர்ப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. கொடி ஆட்டிற்குத் தீனியாகிறது. ஆட்டெரு நிலத்திற்கு உரமாகிறது. மழை பொய்த்த வருஷத்தில் கைக்குப் பணம் தருவதும் ஆடே. 2019-ஆம் வருஷத்துக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலிருந்த வெள்ளாடுகள் 98 லட்சத்திற்கு மேற்பட்டவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டிலின் தரை சேறும் மூத்திரமுமாய்க் கிடக்கும் சமயத்தில் ஈனும் ஆடுகளுக்கே வியாதி அதிகம் காண்கிறது. உலர்ந்த தரையும், சுத்தமான வைக்கோற் பரப்பும் பாதி வைத்தியத்திற்குச் சமம்.

வியாதியைக் கண்டறிய ஒவ்வோர் ஆட்டுக்காரரும் ஒரு தர்மாமீட்டர் வைத்திருப்பது அவசியம். அதன் முனையில் எண்ணெய் தடவி, ஆசனவாயில் உட்புறச் சுவரைத் தொடும்படி இரண்டு நிமிஷம் வைத்துப் பார்க்கவேண்டும். ஆரோக்கியமான ஆட்டின் உஷ்ணம் 102 முதல் 103½ டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். உச்சி வெயிலில் திரிந்து வந்த ஆட்டிற்குச் சற்று ஏறிக் காட்டுமாதலால் காலையில் பார்ப்பது நலம். 104-க்கு மேற்பட்டால் உள்ளே அழற்சி இருக்கிறதென்று சந்தேகிக்கலாம். 101-க்குக் கீழே இறங்கினால் அதைவிட அவசரம். சூடு ஏறிய ஆட்டிற்கும் இறங்கிய ஆட்டிற்கும் வெவ்வேறு வைத்தியம். கண்ணுக்கோ இரண்டும் ஒன்றுபோல் தலையைத் தொங்கவிட்டு, அசைபோடாமல், தீனியை வெறுத்து நிற்கும். இவ்விடத்திலேதான் அநேகர் ஏமாறுகிறார்கள்.

சூடேறும் வியாதிகளுக்கு முக்கிய மூலம் நஞ்சுக்கொடி தங்குவதாகும். இதை இளங்கொடி என்றும் சொல்வர். சாதாரணமாய் அது ஈன்ற ஆறு மணி நேரத்திற்குள் விழுந்துவிடும். பன்னிரண்டு மணி கடந்தும் விழாவிட்டால் தங்கிவிட்டதென்று கொள்ளவேண்டும். தாய் அதைத் தின்றுவிடுவதும் உண்டு. ஆகையால் விழுந்ததைக் கண்ணால் பார்ப்பதோடு, ஈன்ற மணியையும் குறித்துவைக்க வேண்டும். தொங்குகிற கொடியைக் கையால் இழுப்பதும், கல்லையோ பழஞ்செருப்பையோ கட்டித் தொங்கவிடுவதும் மிகவும் கெடுதல். கொடி அறுந்து ஒரு துண்டு உள்ளே நின்று அழுகும். சில சமயம் கர்ப்பப்பையே புரண்டு வெளியே வந்துவிடும். அவ்வாறு வந்துவிட்டால், சுத்தமான ஈரத்துணியால் அதைப் போர்த்தி, நாயும் காக்கையும் அண்டாமல் காத்து, உடனே வைத்தியரை வரவழைக்க வேண்டும். கொடி தங்கியதற்கு வைத்தியர் போடும் ஊசிகளுள், கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும் மருந்து முதல் ஓரிரு நாட்களுக்குள்தான் நன்கு வேலை செய்யும். மூன்றாம் நாள் போகலாமென்று இருப்பவர் அந்தப் பலனை இழக்கிறார்.

ஈன்ற பின் இரண்டு மூன்று வாரம் வரை நாற்றமில்லாத, செம்பழுப்பான கசிவு வருவது இயல்பு. அதற்கு மருந்து வேண்டுவதில்லை. கசிவு நீர்த்துத் துர்நாற்றம் வீசி, கூடவே ஜுரமும் கண்டால் கர்ப்பப்பை அழற்சியென்று அறியலாம். இறந்த குட்டியை ஈன்ற ஆட்டிற்கும், கழுவாத கையை உள்ளே விட்டுக் குட்டி எடுத்த ஆட்டிற்கும் இது அதிகமாய் வரும். வைத்தியர் சொன்ன நாள்வரை கிருமிநாசினி ஊசியைத் தொடரவேண்டும். முதல் ஊசியில் ஜுரம் தணிந்ததென்று நிறுத்தினால் வியாதி திரும்பும். பினாயிலையோ டெட்டாலையோ உள்ளே விட்டுக் கழுவுவது கூடவே கூடாது.

மடியைத் தினமும் தொட்டுப் பார்ப்பது அவசியம். முதற் பீச்சலைக் கறுப்புத் துணியின்மேல் விட்டால் பாலிலுள்ள திரிவும் கட்டியும் தெரியும். மடி சூடாய்ச் சிவந்து வீங்கினால் அடிக்கடி பால் கறந்து கொட்டிவிட்டு வைத்தியரை நாடலாம். அதே மடி குளிர்ந்து நீலம் பாரித்தால் மடி அழுகத் தொடங்கிவிட்டது. இதற்குச் சில மணி நேரங்கூடத் தவணை கிடையாது. குட்டிகளை வேறு தாயிடம் விடவும். மருந்து ஏற்றிய ஆட்டின் பாலை, வைத்தியர் குறிப்பிடும் நாள் கழியும் வரை மனிதர் அருந்தலாகாது.

உஷ்ணம் இறங்கும் வியாதி பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவினால் உண்டாவது. இரட்டைக் குட்டிக்காரிக்கும் அதிகம் பால் கறப்பவளுக்கும் இது வரும். காது குளிர்ந்து, நடை தள்ளாடி, கடைசியில் ஆடு படுத்துவிடும். கால்சியம் மருந்து ஏற்றினால் சீக்கிரத்தில் எழுந்து நிற்பதைக் காணலாம். ஆயினும் அம்மருந்தை நரம்பில் விரைவாக ஏற்றினால் இதயம் நின்றுவிடுமாகையால் பழகாதவர் கை வைக்கலாகாது. படுத்த ஆட்டின் வாயில் வெல்லநீரோ கஷாயமோ ஊற்றினால் நுரையீரலில் இறங்கிக் கொன்றுவிடும். நின்றுகொண்டு தானே விழுங்கும் ஆட்டிற்கு மட்டும் வெதுவெதுப்பான வெல்லநீர் கொடுக்கலாம்.

பிரியத்தினால் வரும் கேடும் ஒன்றுண்டு. ஈன்றவளுக்குப் பலம் வேண்டுமென்று ஒரே நாளில் சோற்றையும் தானியத்தையும் நிறைய வைத்தால் வயிறு புளித்து, அதனாலேயே ஆடு மாளும். தழையும் உலர்ந்த கொடியும் முன்னே. தானியம் சிறுகச் சிறுகப் பின்னே.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. மந்தையில் ஆடுகள் அடுத்தடுத்துக் கன்று வீசினால் புரூசெல்லா என்னும் தொற்றுநோயாக இருக்கலாம். அது மனிதரையும் பற்றும். 2009-ஆம் வருஷத்துக் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் இத்தகைய நோயைச் சந்தேகிக்கும் உரிமையாளர் கிராம அதிகாரியிடமோ பஞ்சாயத்திலோ தெரிவிக்கவேண்டுமென்று விதிக்கிறது. அத்தகவல் எழுத்துமூலம் கால்நடை வைத்தியருக்குப் போய்ச் சேருமாறு அதிகாரிகள் பார்த்துக்கொள்வது நலம். விழுந்த கொடியையும் இறந்த குட்டியையும் ஏரிக்கரையில் வீசாமல், கையுறை அணிந்து எடுத்து, ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்கச் செய்யவேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் இவ்வேலைக்குப் போகலாகாது. ஆடு நடக்க முடியாத நிலையில் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் கால்நடை மருத்துவ ஊர்தியை வரவழைக்கலாம். அழைக்கும்போது ஈன்ற மணி, கொடி விழுந்ததா இல்லையா, தர்மாமீட்டரில் கண்ட அளவு ஆகிய மூன்றையும் தெரிவிக்கவும்.