எரிசக்தி மானியங்களில் பணம் வந்துசேரும் வரிசை: கூரைச் சூரிய மின் திட்டத்தை முன்வைத்து

முன்னுரை

வீட்டிற்கும் வயலுக்கும் வேண்டிய எரிசக்தியைப் பெற அரசு வழங்கும் நிதியுதவிகள் குறித்துத் தமிழில் வெளிவரும் எழுத்துகள் பெரும்பாலும் தொகையையே முதன்மைப்படுத்துகின்றன. எத்தனை விழுக்காடு மானியம், எங்கே விண்ணப்பிப்பது என்பவற்றோடு அவை நின்றுவிடுகின்றன. அத்தொகை பயனாளியின் கைக்கு எப்போது வருகிறது, வரும்வரை செலவைச் சுமப்பவர் யார் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. ஒரு திட்டத்தை யாரால் பயன்படுத்த இயலும் என்பதைத் தொகையைக் காட்டிலும் இவ்வரிசையே தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. வீட்டுக் கூரைகளில் சூரிய மின்தகடு அமைப்பதற்கான ஒன்றிய அரசின் மானியம் இதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

சொல்லும் பொருளும்

மானியம் என்னும் சொல் பழைய வருவாய் ஆவணங்களில் வரி நீக்கி அளிக்கப்பட்ட நிலத்தைக் குறித்தது. கல்வெட்டுகள் கூறும் இறையிலி நிலமும் இவ்வகையினதே. அரசு தனக்கு வரவேண்டியதை விட்டுக்கொடுத்தது. அந்த விலக்கைப் பெறுபவர் தம் பணத்தை முதலில் செலவிட்டுப் பின்னர் திரும்பப் பெறவேண்டிய நிலை அதில் இல்லை. இன்று அதே சொல் கட்டண விலக்கு, விலையில் கழிவு, செலவழித்தபின் திரும்பி வரும் தொகை, குறைந்த வட்டிக் கடன் ஆகிய அனைத்திற்கும் வழங்குகிறது. கடனைக்கூட மானியம் என்று கூறுவோர் உளர். ஆய்வுலகில் வழங்கும் நல்கை என்னும் சொல் இக்குழப்பத்திற்கு ஓரளவு தப்பியிருக்கிறது.

தமிழகத்தில் 1990 முதல் உழவர்களுக்கு வழங்கப்படும் இலவச மின்சாரம் பழைய பொருளுக்கு நெருக்கமானது. 2016 முதல் வீட்டு நுகர்வோருக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுவதும் அவ்வாறே. நுகர்வோர் ஒவ்வொரு முறையும் விண்ணப்பிப்பதில்லை. பட்டியலிலேயே தொகை கழிந்துவிடுகிறது. ஈடுசெய்யும் பொறுப்பு அரசுக்கும் மின் நிறுவனத்திற்கும் இடைப்பட்டது.

சமையல் எரிவாயு தரும் முன்னறிவு

வரிசை மாறினால் விளைவும் மாறும் என்பதைச் சமையல் எரிவாயு முன்பே காட்டியது. 2015 சனவரியில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பஹல் திட்டத்தின்படி நுகர்வோர் உருளைக்கு முழு விலையைச் செலுத்துவர். மானியம் வங்கிக் கணக்கிற்குப் பின்னர் வரும். போலி இணைப்புகளைக் களைவதற்கு இம்முறை உதவியது. ஆனால் மாத வருவாயற்ற வீட்டினருக்கு முழு விலையை ஒரே நாளில் திரட்டுவது எளிதன்று.

2016 மே 1 அன்று தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டத்தில் இச்சிக்கல் இரட்டிப்பாயிற்று. இணைப்புக்கான 1,600 ரூபாயை அரசு ஏற்றது. அடுப்பையும் முதல் உருளையையும் கடனாகப் பெற்றவர்களுக்கு, அக்கடன் தீரும்வரை உருளைக்குரிய மானியம் கடனுக்கே வரவு வைக்கப்பட்டது. மானியம் அறிவிக்கப்பட்டிருந்தும், மிக ஏழ்மையான நுகர்வோர் சந்தை விலையிலேயே வாங்கினர். 2018 ஏப்ரல் முதல் ஆறு உருளைகள் வரை இப்பிடித்தம் ஒத்திவைக்கப்பட்டது. ஓராண்டுக்கு மேல் இணைப்பு வைத்திருந்த 1.93 கோடி பயனாளிகள் சராசரியாக ஆண்டுக்கு 3.66 உருளைகளே மீள்நிரப்பினர் என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் 2019ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்துள்ளது. விறகு எளிதில் கிடைப்பது உள்ளிட்ட வேறு காரணங்களும் இதற்கு உண்டு. எனினும் கைப்பணம் என்னும் காரணத்தை ஒதுக்க இயலாது.

கூரைச் சூரிய மின் மானியம்: தலைகீழான வரிசை

2019இல் தொடங்கிய கூரைச் சூரிய மின் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், 3 கிலோவாட் வரை 40 விழுக்காடு மானியம் வழங்கப்பட்டது. மின் விநியோக நிறுவனம் பட்டியலிட்ட நிறுவுநர், மானியத்தைக் கழித்துக்கொண்டு எஞ்சிய தொகையை மட்டும் வீட்டு உரிமையாளரிடம் பெறவேண்டும். மானியத்தை அவர் விநியோக நிறுவனத்தின் வழியே பின்னர் பெற்றுக்கொள்வார். காத்திருக்கும் சுமை நிறுவுநருடையது. 2022 சூலையில் தேசிய இணையவாயில் தொடங்கப்பட்டபின் மானியம் நேரடியாக நுகர்வோரின் வங்கிக் கணக்கிற்குச் செல்லலாயிற்று. ஒப்பந்தப்புள்ளிகளுக்குக் காத்திராமல் விரும்பிய நிறுவுநரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நுகர்வோருக்குக் கிடைத்தது. காத்திருக்கும் சுமையும் அதனுடன் சேர்ந்தே வந்தது.

2024 பிப்ரவரியில் 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு அறிவிக்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டம் இவ்வரிசையையே பின்பற்றுகிறது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய். உச்ச அளவு 78,000 ரூபாய். முதல் இரண்டுக்கு 60 விழுக்காடு, மூன்றாவதற்கு 40 விழுக்காடு என்னும் கணக்கில் இத்தொகைகள் வகுக்கப்பட்டன. எனவே 3 கிலோவாட் அமைப்பின் அடிப்படை விலை 1,45,000 ரூபாய் எனப் பெறப்படுகிறது. மானியம் போக எஞ்சுவது 67,000 ரூபாய். விளம்பரங்கள் இந்த 67,000 ரூபாயையே பேசுகின்றன. ஆனால் வீட்டினர் முதலில் திரட்டவேண்டியது 1,45,000 ரூபாய். திட்டத்தின் இந்திப் பெயரில் இலவச மின்சாரம் என்னும் தொடர் இடம்பெற்றிருப்பது இந்நிலையில் சற்று முரணாகவே தோன்றுகிறது.

நடைமுறையும் இதனை உறுதிப்படுத்துகிறது. மின் இணைப்பு எண்ணைக் கொண்டு இணையவாயிலில் பதிதல், நிறுவுநரைத் தேர்தல், தகடுகளைப் பொருத்துதல், இருவழி மின்மானி பெறுதல், மின் நிறுவனத்தார் ஆய்வு செய்து இயக்கச் சான்று வழங்குதல் ஆகிய யாவும் முடிந்த பின்னரே வங்கி விவரங்கள் கோரப்படுகின்றன. அதன்பின் 30 நாட்களுக்குள் தொகை வரும் என்பது அறிவிப்பு. 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை என 2024இல் விதி தளர்த்தப்பட்டதால் ஒரு தாமதம் குறைந்துள்ளது. தமிழகத்தில் வேறொரு தடை பேசப்படுவதேயில்லை. பல வீடுகளின் மின் இணைப்பு இன்னும் மறைந்த தந்தையார் அல்லது பாட்டனார் பெயரிலேயே இருக்கிறது. வாரிசுச் சான்று, உடன்பிறந்தோர் ஒப்புதல், பெயர் மாற்றம் ஆகியவற்றை முடித்த பின்னர் விண்ணப்பிப்பதே முறை. நிறுவுநருக்கு முன்பணம் கொடுத்தபின் இதனைத் தொடங்கினால் காத்திருக்கும் காலம் மேலும் நீளும்.

இடைவெளியை நிரப்புவது கடன். 3 கிலோவாட் வரையிலான அமைப்புகளுக்குப் பிணையற்ற கடன், ரெப்போ விகிதத்தை ஒட்டிய வட்டியில், திட்டம் தொடங்கியபோது ஏறத்தாழ 7 விழுக்காட்டில் வழங்கப்பட்டது. மானியம் வந்தவுடன் அதனைக் கடனுக்குச் செலுத்திவிடலாம். ஆக, கடன் பெறும் தகுதியே மானியம் பெறும் தகுதியாக மாறிவிடுகிறது.

யாருக்கு எவ்வளவு பயன்?

ஒரு கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட் இரண்டு மாதங்களில் 700 யூனிட்டை ஒட்டித் தரும். இரண்டு மாதங்களுக்கு 200 யூனிட் பயன்படுத்தும் வீட்டிற்கு ஏற்கெனவே 100 யூனிட் இலவசம். அவ்வீடு மிச்சப்படுத்தக்கூடியது எஞ்சிய 100 யூனிட்டின் கட்டணமே. உபரி மின்சாரம் வலையமைப்பிற்குச் செல்லும் என்றாலும், உயர்ந்த கட்டணப் படிநிலையில் இருக்கும் வீட்டைப் போல இவ்வீட்டின் முதலீடு விரைவில் மீளாது. குளிரூட்டி இயங்கும் பெரிய வீட்டிற்கோ ஒவ்வொரு யூனிட்டும் உச்சப் படிநிலைக் கட்டணத்தைத் தவிர்க்கிறது. மானியம் இருவருக்கும் ஒன்றே, பயன் ஒன்றன்று. ஆதலின் சிறு நுகர்வு வீடுகளுக்கு 78,000 ரூபாய் என்னும் உச்ச அளவைக் குறிவைப்பதைவிட ஒரு கிலோவாட் அமைப்பே பொருத்தமானது.

உழவர்களுக்கான குசும் திட்டம் 2019 முதல் வேறு வழியில் செல்கிறது. தனித்தியங்கும் சூரிய மோட்டாருக்கு ஒன்றிய அரசு 30, மாநில அரசு 30 விழுக்காடு என்பது அதன் பொது வரையறை. மானியப் பங்கு நிறுவுநருக்கே செல்வதால் உழவர் தம் பங்கை மட்டும் செலுத்துகிறார். தமிழகத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை இதனைச் செயற்படுத்துகிறது. வீட்டுத் திட்டம் கைவிட்ட வரிசை இங்கே உயிருடன் இருப்பது நோக்கத்தக்கது.

கல்லூரிகள் வீட்டுக் கூரை மானியத்தின் வரம்பிற்குள் வாரா. விரைவுத் தேய்மானம் போன்ற வரிச்சலுகைகளும் வரி செலுத்தாத அறக்கட்டளைகளுக்குப் பயனளிப்பதில்லை. 1987இல் நிறுவப்பட்ட ஐரெடா நிறுவனம் தருவது கடனே. ஆய்வு நல்கைகள் ஆய்வுக்கு உரியன. விடுதியின் மின்கட்டணத்தைக் குறைக்கும் நோக்கில் எழுதப்படும் கருத்துரு அங்கே நிற்காது. மூன்றாம் தரப்பு நிறுவனம் தன் முதலில் தகடுகளை அமைத்து, யூனிட் கணக்கில் கட்டணம் பெறும் முறையே கல்லூரிகளுக்கு உகந்தது.

அதே முறை இப்போது வீடுகளுக்கும் திறக்கப்பட்டுள்ளது. 2024 திசம்பரில் வெளியான வழிகாட்டுதல்களின்படி, நிறுவனமோ மின் விநியோக அமைப்போ முதலிட்டு வீட்டுக் கூரைகளில் அமைப்பை நிறுவலாம். கட்டணம் வராமற்போகும் இடரை ஈடுசெய்ய 100 கோடி ரூபாய் நிதியமும் ஒதுக்கப்பட்டுள்ளது. கூரை உடையவர் முன்பணம் இன்றிச் சேர இது வழிசெய்கிறது. வாடகை வீட்டில் இருப்பவருக்குக் கூரையே இல்லை. அவரது மின்கட்டணம் எத்தனை உயர்ந்ததாயினும், தகுதி விதிகளின்படி விண்ணப்பிக்க வேண்டியவர் வீட்டு உரிமையாளரே.