கணினிக் கூடமும் மனவோட்டவரையும்

பள்ளிக்குக் கணினிகள் வந்து இறங்கிவிட்டால் கணினிக் கூடம் அமைந்துவிட்டது என்று பலரும் எண்ணிவிடுகிறோம். மேசைகள் வரிசையாக இருக்கும்; குளிர்சாதனமும் ஓடும்; வாசலில் பெயர்ப்பலகையும் மாட்டியாகிவிடும். ஆயினும், உள்ளே வந்து அமரும் பிள்ளைகள் எதைக் கொண்டு வேலை செய்யப் போகிறார்கள் என்னும் கேள்வி அப்படியே நிற்கும். அடுப்பு மட்டும் இருந்தால் சோறு வெந்துவிடாது அல்லவா?

பலர் பகிர்ந்து பயன்படுத்தும் ஒரு கூடத்துக்கு என்னென்ன மென்பொருள் தேவை என்பதை மனவோட்டவரையின் துணைகொண்டு கண்டறிவது எப்படி என்று இன்று பார்ப்போம். தோட்டப்பள்ளி ஆசிரியர்களாகிய நமக்கு இது சிறிய செய்தியன்று. நம் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் கணினி கிடையாது. கைப்பேசி இருந்தாலும் அது காலையிலேயே அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். வாரத்தில் ஒரு மணி நேரம் இக்கூடத்தில் கிடைப்பதுதான் அவர்களுக்குக் கணினிக் கல்வி. திறக்க மறுக்கும் மென்பொருளோடு போராடி அந்த ஒரு மணி நேரம் கழிந்துவிட்டால், அதை யார் திருப்பித் தருவார்கள்?

வழக்கமாக நாம் செய்வது பட்டியல். கூட்டத்தில் ஒவ்வோர் ஆசிரியரும் தமக்குத் தெரிந்த மென்பொருள் ஒன்றின் பெயரைச் சொல்வார்; செயலாளர் எழுதிக்கொள்வார். விற்பனையாளர் விட்டுச்சென்ற வண்ணத்தாளிலிருந்து மேலும் இரண்டு சேரும். பிறகு பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் பணம் கேட்போம். அப்பட்டியலில் பெயர்கள் இருக்கும், தேவைகள் இரா.

மனவோட்டவரை நம் ஆசிரியர்களுக்குப் புதிதன்று. இங்கிலாந்தைச் சேர்ந்த டோனி பூசன் 1974ஆம் ஆண்டில் பி.பி.சி. தொலைக்காட்சித் தொடரின் வழி இதைப் பரவலாக்கினார். நடுவில் ஒரு கருத்து; அதிலிருந்து கிளைகள்; கிளைக்கு ஒரு சொல்; வண்ணமும் சிறு படமும் உடன் வரும். நம் நாட்டுப் பள்ளிகளுக்கு 2012இல் வந்த ஐ-திங்க் திட்டத்தின் எட்டுச் சிந்தனை வரைபடங்களோடு இதைச் சிலர் குழப்பிக்கொள்வதுண்டு. அவற்றுள் மர வரைபடம், தெரிந்தவற்றை வகைப்படுத்த நன்கு உதவும். மனவோட்டவரையோ, இன்னும் தெரியாததைத் தேடும்போது கைகொடுப்பது. கிளை எங்கே போய் முடியும் என்பது தொடங்கும்போது நமக்கே தெரியாது.

எங்கள் பள்ளியில் ஒரு மாஜோங் தாளைச் சுவரில் ஒட்டித் தொடங்கினோம். மனவோட்டவரை வரைவதற்கென்றே ஃபிரீபிளேன் போன்ற இலவச மென்பொருள் உண்டுதான். ஆனால் கணினியில் வரைந்தால் சுட்டியைப் பிடித்திருப்பவர் ஒருவரே பேசுவார். சுவரில் தாள் இருந்தால் அலுவலக எழுத்தரும் எழுதலாம். ஆறாம் ஆண்டு மாணவியும் எழுதலாம்.

நடுவில் எழுத வேண்டிய சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. “மென்பொருள்” என்று எழுதினால் மீண்டும் பெயர்ப்பட்டியலே வரும். “இந்தக் கூடத்தில் யார், என்ன செய்ய வேண்டும்?” என்று எழுதினோம். முதற்கிளைகள் மனிதர்கள்: பாலர் பள்ளி, படிநிலை ஒன்று, படிநிலை இரண்டு, குறைநீக்கல் வகுப்பு, ஆசிரியர்கள், அலுவலகம், மாலையில் வரும் தோட்டத்துப் பெற்றோர். ஒவ்வொரு கிளையிலும் பிரியும் சிறுகிளைகள் யாவும் வினைச்சொற்கள்: வரைதல், கேட்டு வாசித்தல், தட்டெழுதுதல், நிரல் எழுதுதல், கேள்வித்தாள் தயாரித்தல், ஊழியர் சேமநிதிக் கணக்கைப் பார்த்தல். மென்பொருளின் பெயரை இந்தக் கட்டத்தில் எவரும் எழுதக்கூடாது என்பது விதி. ஆசிரியர்களுக்குத்தான் இவ்விதி கடினமாக இருந்தது. பிள்ளைகளுக்குப் பெயர்கள் தெரியாததால் அவர்கள் எளிதாக எழுதினார்கள்.

அடுத்து, ஒரே வினை வெவ்வேறு கிளைகளில் வந்திருந்தால் அவற்றைப் புள்ளிக்கோட்டால் இணைத்தோம். பட்டியல் காட்டாததை வரைபடம் காட்டியது இங்கேதான். “தமிழில் தட்டெழுதுதல்” நான்கு கிளைகளில் இருந்தது. ஆனால் அதற்கு முன் எழுதிய எந்தப் பட்டியலிலும் தமிழ் எழுதும் கருவி ஒரு வரியாகக்கூட இடம்பெற்றதில்லை; எல்லார்க்கும் பொதுவானதை எவரும் தமக்கென்று கேட்பதில்லை. அக்கோட்டைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் மேலும் சிக்கல்கள் வெளிவந்தன. ஓர் ஆசிரியர், 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையில் பழகியவர். இன்னொருவர், நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில், ஆங்கில எழுத்துகளை ஒலிக்கேற்பத் தட்டிப் பழகியவர். இரண்டும் நல்ல முறைகளே. ஆயினும் திங்களன்று ஒன்றையும் வியாழனன்று மற்றொன்றையும் காணும் பிள்ளை இரண்டிலும் தேறாது. எனவே மாணவர் கணினிகளில் தமிழ் 99 ஒன்றே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. இன்றைய விண்டோசிலேயே அது இருப்பதால் செலவும் இல்லை.

அலுவலகக் கிளையிலிருந்து வேறொன்று வந்தது. பழைய கேள்வித்தாள்கள் பல, ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டெழுதியவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். ஆக, எழுத்துரு மாற்றி ஒன்றும் வேண்டியிருந்தது. அதை எந்த வண்ணத்தாளும் விற்பதில்லை.

மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன், “நான் வரைஞ்சது மறுவாரம் இருக்கணும்” என்று எழுதியிருந்தான். படித்துவிட்டுச் சிரித்தவர்கள் சற்று நேரத்தில் சிரிப்பை நிறுத்தினார்கள். பகிரும் கூடத்தின் பெருங்குறை அதுதான். ஒரு வகுப்பு சேமித்ததை அடுத்த வகுப்பு அழித்துவிடும். ஒருவர் மாற்றிய அமைப்பு எல்லாரையும் தடுக்கும். அவன் எழுதிய வரியிலிருந்து “பொது” என்னும் எட்டாவது கிளை பிறந்தது: வகுப்புவாரியாகத் தனித்தனிப் பயனர் கணக்கு, பொதுக் கோப்புறை, மறுதொடக்கத்தில் கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மென்பொருள். இக்கிளைக்குத்தான் முதல் உரிமை தர வேண்டும் என்பது எங்கள் துணிபு.

இவ்வளவுக்குப் பிறகே சிவப்புப் பென்சிலால் மென்பொருள் பெயர்களை எழுதினோம். முதலில் கையில் இருப்பவை. கல்வியமைச்சு 2020இல் தொடங்கிய டெலிமா தளத்தின் வழி மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் கூகுள் கணக்கு உண்டு. எழுதவும் கணக்கிடவும் பல வசதிகள் அதிலேயே உள்ளன. இணையம் துண்டிக்கப்படும் வேளைக்கு லிப்ரே ஆபிஸ், அதுவும் இலவசம். பாலர் பள்ளிக்கு டக்ஸ் பெயின்ட். நிரல் எழுத ஸ்கிராட்ச்.

ஸ்கிராட்சிலிருந்து ஒரு கோடு கணினியை நோக்கிப் போயிற்று. மழை வந்தால் எங்கள் தோட்டத்தில் இணையம் போய்விடும். ஆதலால் இணையமின்றி இயங்கும் செயலி தேவை; அதற்கு விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். விண்டோஸ் 10க்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினிகளுக்கு லினக்ஸ் பொருந்தும். ஆனால் ஸ்கிராட்ச் குழு லினக்சுக்கெனச் செயலி வெளியிடுவதில்லை. எனவே புதிய கணினிகளை நிரல் வகுப்புக்கும், பழையவற்றை லினக்ஸ் நிறுவித் தட்டெழுதவும் வாசிக்கவும் ஒதுக்கினோம்.

மனவோட்டவரைக்கும் ஒரு குறை உண்டு. ஆண்டுக்கொருமுறை வரும் தேவையும் நாள்தோறும் வரும் தேவையும் அதில் ஒரே அளவில் தெரியும். ஆகவே ஒவ்வொரு சிறுகிளையின் முனையிலும் வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று எழுதிவைப்பது நல்லது. பள்ளி ஆண்டிதழுக்குப் படம் திருத்தும் விலையுயர்ந்த மென்பொருளை எல்லாக் கணினிகளுக்கும் கேட்டிருந்தார்கள். முனையில் எழுதிய எண்ணைப் பார்த்ததும் ஆசிரியர் கணினி ஒன்றுக்கு மட்டும் போதும் என்றாயிற்று. அதற்கும் ஜிம்ப் என்னும் இலவச மென்பொருளே பொருந்தியது. ஓர் உரிமம் வாங்கிப் பல கணினிகளில் படியெடுத்துக்கொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கிறது. பள்ளியென்பதற்காக விலக்கு எதிர்பார்க்கலாகாது.

முடிவில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குப் போன தாளில், விலை கொடுத்து வாங்க வேண்டியது மீட்பு மென்பொருள் ஒன்றே. அதன் அருகே, எந்தெந்தக் கிளைகளுக்கு அது தேவை என்பதையும் எழுதியிருந்தோம். மிஞ்சிய தொகையில் காதணி ஒலிப்பான்களும், விசைகளில் ஒட்டத் தமிழ் எழுத்து ஒட்டிகளும் வாங்கலாம் என்று சங்கத்தாரே சொன்னார்கள்.